ஓடுகிறவனுக்குத் தேநீர் கிடையாது

காப்டகட்
ஜனவரி 14, 1996

அன்பு மருமகள் ஜெசாங்குக்கு,

உன் மாமன் பார்ங்கெதுனி எழுதுவது. நான் நலம், மாடுகள் நலம், கறுப்புப் பசு கிடாரிக் கன்று ஈன்றிருக்கிறது. மொம்பாசாவில் நீயும் உன் கடலும் நலமா? அங்கே காற்றுக்கே வியர்க்குமாம். தண்ணீர் நிறையக் குடி.

ஒரு சின்ன விஷயம். எல்டொரெட்டுக்கு மாட்டு மருந்து வாங்கப் போன இடத்தில் கொஞ்சம் தலை சுற்றியது. நான் விழுந்தேன் என்று யாராவது உனக்கு எழுதினால் நம்பாதே. உட்காரத்தான் போனேன், தரை கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். டாக்டர் ஒரு பொடியன், மீசை வரலாமா வேண்டாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. என் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சர்க்கரையோட எப்படி நிக்கிறீங்க?" என்று கேட்டான். "நிக்கிறது எங்க குடும்பத்துப் பழக்கம் தம்பி" என்றேன். அவன் சிரிக்கவில்லை. தினமும் காலையில், ஒரு நாள்கூட விடாமல் நடக்க வேண்டுமாம். நடக்காவிட்டால் என்ன ஆகும் என்றும் சொன்னான். அதை எழுதி மையை வீணாக்குவானேன்.

இன்றே தொடங்கிவிட்டேன். பைன் காட்டுச் சாலையில் நான் நடந்ததைப் பார்க்க ஊரே வேலியோரம் வந்துவிட்டது. ஓட்டக்கார முகாமின் பிள்ளைகள், அந்த ஒட்டகச்சிவிங்கிக் கால்கள், என்னைத் தாண்டிப் போகக் கூச்சப்பட்டு வேகத்தைக் குறைத்தார்கள். என் பழைய தோழன் அராப் பிரெச் வீட்டில் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

டிசம்பரில் கிபிச்சியின் வீட்டார் உன்னைப் பெண் கேட்டு வரும் கொய்டோச் சடங்கை நினைத்துப் பயப்படாதே. உன் அப்பாவும் இல்லை, என் அக்காவும் இல்லை. ஆனால் தாய்மாமன் எழுந்து நின்று பாலைத் தெளித்து ஆசி சொன்ன பிறகுதானே பேச்சே தொடங்கும்? நான் நிற்பேன். சிங்கத்தைக் கொன்றவன் என்று அர்த்தம் வரும் பெயரை எனக்குச் சும்மாவா வைத்தார்கள்.

உன் வாசலில் எப்போதும் பசும்புல் இருக்கட்டும்.

மாமா

—

மொம்பாசா
பிப்ரவரி 3, 1996

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். கன்று நன்றாக வளரட்டும். இங்கே வெயில் இன்னும் தணியவில்லை.

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன். அதன்பிறகு சாப்பிட முடியவில்லை. மாமா, நான் வேலை செய்யும் வார்டு எது என்று உங்களுக்குத் தெரியும். இங்கே வருகிறவர்கள் எல்லாரும் "சின்னக் கொப்புளம்தான் சிஸ்டர்" என்று சொல்லிக்கொண்டு இரண்டு காலோடு வருகிறார்கள். எல்லாரும் இரண்டு காலோடு திரும்புவதில்லை. அம்மாவும் அப்படித்தான். உங்களுக்கு நினைவில்லாமல் இருக்காது. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த ஆஸ்பத்திரிப் படியில் ஏறியதே நீங்கள்தான்.

அதனால் கெஞ்சிக் கேட்கிறேன். ஒட்டகச்சிவிங்கிகளை விடுங்கள். நடந்தேன், அல்லது நடக்கவில்லை என்று ஒரு வரி போதும். தினமும் பாதத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். செருப்பு இல்லாமல் முற்றத்துக்குக்கூட இறங்காதீர்கள். தேநீரில் சர்க்கரை போடாதீர்கள்.

டாக்டர் சொன்னதை நீங்கள் எழுதவில்லை. எனக்கு அது தெரியும்.

உங்கள் ஜெசாங்

—

காப்டகட்
மார்ச் 10, 1996

மருமகளே,

நலம், நலம், எல்லாம் நலம். கன்று இப்போதே தாயை முட்டித் தள்ளுகிறது. அது என் பிடிவாதம்.

நடந்தேன். நீ கேட்ட ஒரு வரி அதுதான். இனி என் வரிகள். படுக்கையிலிருந்து எழுவதுதான் பெரும் பாடு என்று ஒத்துக்கொள்கிறேன். இங்கே விடியற்காலைக் குளிர் கம்பளிக்குள்ளேயே வந்து "இன்னைக்கு ஒரு நாள் விட்டா என்ன ஆயிடும் மாமா" என்று காதில் ஓதும். அதைக் காலால் உதைத்துவிட்டு எழுவேன். சாலையில் முகாம் பிள்ளைகள் மூச்சுவிட்டுக்கொண்டு போவார்கள். அவர்களுடைய கூட்டம் யாருக்காகவும் நிற்காது. வந்தவன் ஓடலாம், வராதவன் தூங்கலாம். போன வாரம் அவர்களில் ஒருவனை, வெளிநாட்டில் வெள்ளிக் கோப்பை வாங்கியவனை, நான் தாண்டிவிட்டேன். அவன் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான் என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள்.

நடையில் மரியாதைக்கும் குறைவில்லை. முதலில் அராப் பிரெச் வீடு. அடுத்து விதவை கிமோய். அதற்கப்புறம் கடைக்காரன், கடைசியில் பள்ளிக்கூட வாத்தியார். நான் வருவது தெரிந்ததும் அடுப்பில் பால் ஏறிவிடும். உள்ளே கூப்பிடாமல் ஒருவனைச் சாலையில் போகவிட்டால் அந்த வீட்டுக்குத்தான் கெட்ட பெயர். கிமோய் கலக்கும் தேநீரில் கரண்டி தானாகவே நிற்கும். அவ்வளவு தாராளமான கை. என் வீட்டில் நான் சர்க்கரை போடுவதே இல்லை, நீ சொன்னபடி.

நல்ல செய்தியைக் கடைசிக்கு வைத்திருந்தேன். மறுபடியும் ரத்தம் பார்த்தார்கள். முதல் தடவை பதினெட்டு வாங்கினேன். இப்போது இருபத்துநான்கு. பள்ளிக்கூடத்தில்கூட நான் இப்படி ஏறியதில்லை.

உன் பானையில் பால் குறையாதிருக்கட்டும்.

மாமா

—

மொம்பாசா
மார்ச் 22, 1996

மாமா,

நலம் விசாரிக்க எனக்குக் கை வரவில்லை, மன்னியுங்கள்.

அது மதிப்பெண் இல்லை. அது ஏழுக்குக் கீழே இறங்க வேண்டும். இருபத்துநான்கு என்றால் எங்கள் வார்டில் இரண்டு பேர் ஓடிவருவார்கள். உங்கள் பொடி டாக்டர் அதை உங்களிடம் சொல்லவில்லையா, அல்லது சொன்னதை என்னிடம் சொல்ல வேண்டாம் என்று நினைத்தீர்களா?

நீங்கள் நடக்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் நடந்து செலவழிப்பதைவிட நான்கு வீட்டில் குடித்துச் சேர்ப்பதுதான் அதிகம். வேண்டாம் என்று சொல்லுங்கள் மாமா. சிங்கத்தைக் கொன்றவருக்கு ஒரு குவளைத் தேநீரை மறுக்க முடியாதா?

ஜெசாங்

—

காப்டகட்
மே 2, 1996

அன்பு மருமகளுக்கு,

நலமே. மழை பிடித்துக்கொண்டது. சாலை முழுவதும் செம்மண் குழம்பு. மக்காச்சோளம் முழங்கால் உயரம். பதில் தாமதமானதற்கு மழைதான் காரணம், வேறொன்றும் இல்லை.

தேநீரை மறுத்துப் பார்த்தேன். முதல் நாள் அராப் பிரெச் வீட்டில், "இன்னைக்கு வேண்டாம்ப்பா" என்றேன். அவன் குவளையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தான்.

"என்ன, வயித்துல ஏதாவதா?"

"இல்ல, சும்மாதான்."

"சும்மாவா? எங்க வீட்டுப் பால்ல என்ன குறை கண்ட?"

கிமோய் இன்னும் மோசம். "நான் மருந்து வெச்சிருப்பேன்னு நெனச்சீங்களா அண்ணா? நானே குடிச்சுக் காட்டட்டுமா?" என்று என் கண்ணெதிரே குவளையைக் காலி செய்தாள், கண்ணில் தண்ணீரோடு. சாயங்காலத்துக்குள் பார்ங்கெதுனி ஊரைச் சந்தேகப்படுகிறான் என்ற பேச்சு சந்தைவரை போய்விட்டது. சிங்கத்தோடு மோதுவது சுலபம், மருமகளே. சிங்கம் தேநீர் கொடுக்காது.

அதனால் இப்போது சாலைக்கே போவதில்லை. மாட்டுக் கொட்டிலுக்குள் சுற்றிச் சுற்றி நடக்கிறேன். சில நாள் நடக்கிறேன். மழை பலமாக இருந்தால் கறுப்புப் பசுவே போதும் என்று தலையாட்டுகிறது.

உனக்குப் பெருமையான ஒரு சங்கதி சொல்கிறேன். கொட்டிலில் நடந்துவிட்டு வந்து ரப்பர் செருப்பைக் கழற்றினால் அது காலோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது. திருப்பிப் பார்த்தால் ஒரு வேலி ஆணி, செருப்பைத் துளைத்து இடது பாதத்துக்குள் ஏறியிருக்கிறது. எப்போது ஏறியது என்று சத்தியமாகத் தெரியாது. ஒரு பொட்டு வலி இல்லை. இடுக்கியால் பிடுங்கினேன், அப்போதும் இல்லை. அராப் பிரெச்சைக் கூப்பிட்டுக் காட்டினேன். நாங்கள் இருவரும் ஒரே வருடம் விருத்தசேதனக் கத்தி முன்னால் நின்றவர்கள். அன்றைக்கு நான் இமைகூட அசைக்காததை அவன் பார்த்திருக்கிறான். "உனக்கு இன்னும் அதே கால்தான்டா" என்றான். இந்த வயதிலும் என் கால் ஆண்பிள்ளையாக இருக்கிறது.

புண் கொஞ்சம் ஈரமாக இருக்கிறது. மழைக்காலம் அல்லவா.

உன் கூரை ஒழுகாதிருக்கட்டும்.

மாமா

—

மொம்பாசா
மே 9, 1996

மாமா,

இதைப் படித்து முடிப்பதற்குள் வண்டி ஏறுங்கள். எல்டொரெட்டுக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு. மழை, மாடு, சாலை எதையும் சொல்லாதீர்கள். பள்ளிக்கூட வாத்தியாருக்குத் தந்தி கொடுத்திருக்கிறேன், அவர் உங்களை அழைத்துப்போவார்.

வலிக்காதது வீரம் இல்லை. உங்கள் கால் இமைக்காமல் நிற்கவில்லை மாமா, அது மயங்கிக் கிடக்கிறது. சர்க்கரை அதன் நரம்பைத் தின்றுவிட்டது. அம்மாவும் "வலிக்கவே இல்லடி" என்றுதான் சிரித்தாள். ஊரே அவளைத் தைரியசாலி என்றது. நானும் சொன்னேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.

ஜெசாங்

—

மொம்பாசா
ஜூன் 8, 1996

அன்புள்ள மாமாவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? உங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டதாக வாத்தியார் எழுதினார். அதற்குமேல் ஒன்றும் எழுதவில்லை. எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. தபால்காரர் வரும் நேரத்தில் வார்டை விட்டு வாசலுக்கு ஓடுகிறேன்.

கொய்டோவைத் தள்ளிவைக்கலாம் என்கிறார் கிபிச்சி. உங்களைக் கேட்காமல் முடிவு இல்லை என்றேன்.

ஒரு வரி போதும். பொய்யாக இருந்தாலும் சரி. சிங்கம் வந்தாலும் சரி.

ஜெசாங்

—

காப்டகட்
ஜூலை 6, 1996

மருமகள் ஜெசாங்குக்கு,

இருக்கிறேன். நீ நலமா?

எல்டொரெட்டில் கொஞ்ச நாள் இருந்தேன். படுக்கை நன்றாக இருந்தது. உகாலிக் களி நம் வீட்டில் போல இல்லை. பக்கத்துப் படுக்கைக்காரர் நந்தி மாவட்டத்து மனிதர், நல்ல பேச்சுக்காரர், மாட்டைப் பற்றி என்னைவிடப் பெரிய பொய்யெல்லாம் சொல்வார். ஒரு காலையில் அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் திரும்பி வந்தார். கம்பளி ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. அதற்குப் பிறகு அவர் மாட்டைப் பற்றிப் பேசவில்லை.

வீடு வந்துவிட்டேன். இடது செருப்பு இப்போது கொஞ்சம் பெரிதாக இருக்கிறது. முன்னால் இடம் மிச்சம்.

புண் ஆறிவிட்டது, ஆகஸ்டில் இருந்து மெதுவாக நடக்கலாம் என்று அந்த டாக்டர் சொன்னான். நல்ல பையன். நான் யோசித்துச் சொல்கிறேன். வெளியே நாய்கள் அதிகமாகிவிட்டன. தரையும் முன்போல இல்லை. பாதத்தை எங்கே வைக்கிறேன் என்று பாதத்துக்கே தெரியவில்லை, கண்ணால் பார்த்துப் பார்த்து வைக்க வேண்டியிருக்கிறது.

கொய்டோவைத் தள்ளிவைக்க வேண்டாம்.

மாமா

—

மொம்பாசா
ஜூலை 19, 1996

அன்புள்ள மாமாவுக்கு,

செருப்பில் எத்தனை விரலுக்கு இடம் மிச்சம் என்று நான் கேட்கவில்லை. பாதம் இருக்கிறது, கால் இருக்கிறது. அதற்கு நன்றி சொல்லிவிட்டு எழுதுகிறேன்.

வாத்தியாரின் மைத்துனர் லாரியில் ஒரு பொட்டலம் வரும். கிபிச்சி கடை கடையாக அலைந்து வாங்கிய ஷூ அதில் இருக்கிறது. அகலமானது, உள்ளே தையல் உறுத்தாது. விரல் இருந்த இடத்தில் அடைக்கப் பஞ்சும் வைத்திருக்கிறேன். போடும் முன் தலைகீழாகத் தட்டி, கையைவிட்டுப் பாருங்கள். குளிருக்கு ஒரு டிராக் சூட்டும் இருக்கிறது. சிவப்பு. கிபிச்சி ஓடிக்கொண்டிருந்த காலத்தில் போட்டது.

பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று எழுதுங்கள் மாமா. எனக்கும் அதுதான். வேலியோரம் மட்டும் போய்விட்டுத் திரும்பினாலும் போதும், ஆனால் மறுநாளும் போக வேண்டும்.

உங்கள் ஜெசாங்

—

காப்டகட்
செப்டம்பர் 15, 1996

அன்பு மருமகளுக்கும் மருமகனாகப் போகிறவனுக்கும்,

நலம். கன்று இப்போது கன்று இல்லை. மக்காச்சோளம் கதிர் முற்றுகிறது, குரங்குகள் எனக்கு முன்பே அறுவடையைத் தொடங்கிவிட்டன.

அந்தச் சிவப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டு பத்து நாளுக்கும் மேல் வாசலில் நின்றேன், நின்றேன், உள்ளே வந்தேன். இதை யாரிடமும் காட்டாதே. அப்புறம் ஒரு காலையில் முகாம் கூட்டம் கடந்துபோனது. கடைசியில் நொண்டிக்கொண்டு ஒருத்தி போனாள், முழங்காலில் கட்டோடு. கூட்டம் அவளுக்காக நிற்கவில்லை, அவளும் நிற்கவில்லை. அவள் பின்னால் நானும் இறங்கிவிட்டேன். அவளைத் தாண்டினேன் என்று எழுத ஆசை. தாண்டவில்லை.

அராப் பிரெச் வேலியோரம் நின்றிருந்தான். கூப்பிடுவான், என்ன சொல்லித் தப்பிப்பது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். கையை உயர்த்தினான், அவ்வளவுதான். கிமோய் பால் கறந்துகொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். கடைக்காரன் வழிவிட்டு ஒதுங்கினான். வாத்தியார் வீட்டில் அடுப்பே புகையவில்லை. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. விரல் போனதும் மனுஷன் மதிப்பும் போய்விட்டதா? திரும்பும்போது கிமோயிடம் கேட்டே விட்டேன்.

"ஏன்மா, என் முகத்துல என்ன ஒட்டியிருக்கு? ஒரு வாய் டீக்குக்கூட ஆகாதவனாயிட்டேனா?"

"என்னண்ணா இப்படிச் சொல்றீங்க. டிரெய்னிங்ல இருக்கிறவங்கள நிறுத்தலாமா? அந்தப் பொண்ணுங்கள நான் என்னைக்காவது நிறுத்தியிருக்கேனா? பாவம் வந்து சேரும்."

மருமகளே, ஊரில் எல்லாம் தெரிந்த இந்த மண்டைக்கு இது ஏன் தெரியாமல் போயிற்று? இந்த ஊரில் நடக்கிறவன் விருந்தாளி. ஓடுகிறவன் வேலையில் இருக்கிறவன். ஓடுகிறவனுக்குத் தேநீர் கிடையாது. நான் ஓடவில்லை, ஆனால் உடுப்பு ஓடுகிறது.

இப்போது ஒரு நாள் போகாவிட்டால் அதைவிடப் பெரிய தொல்லை. மறுநாள் ஒவ்வொரு வேலியிலும் ஒரு தலை. "நேத்து காணோமே மாமா, காயமா?" முகாம் கோச் என்னைக் கடக்கும்போது "நாளைக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்தே கம்பளியை விட்டு வெளியே வருகிறேன்.

ரத்தம் பார்த்தார்கள். பதினொன்று. மதிப்பெண் குறைந்ததற்கு டாக்டர் கைகொடுத்தான்.

ஷூவைத் தினமும் தட்டிப் பார்க்கிறேன். ஒரு நாள் உள்ளே சோள மணி ஒன்று கிடந்தது. அதோடு போட்டிருந்தால் கால் எனக்குச் சொல்லியிருக்காது.

உங்கள் இருவர் காலடியும் முள்ளில்லாத இடத்தில் விழட்டும்.

மாமா

—

காப்டகட்
நவம்பர் 24, 1996

ஜெசாங்,

நலமா? இங்கே கறுப்புப் பசு நலம்.

இன்று நடந்தேன். நேற்றும் நடந்தேன்.

வந்ததும் சாக்ஸைக் கழற்றி, வாசல் வெளிச்சத்தில் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். தினமும் அந்தக் கண்ணாடியைத் திருப்பும்முன் பயமாக இருக்கும், அதை இதுவரை நான் உனக்கு எழுதியதில்லை. இன்று வலது குதிகால் ஓரத்தில் ஒரு சிவப்பு. கட்டைவிரல் நகம் அளவு. தோல் உரியவில்லை. ஈரம் இல்லை. வலிக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அராப் பிரெச்சிடம் காட்டினேன். "இது ஒண்ணுமில்லடா, கொய்டோ முடியட்டும், பாத்துக்கலாம்" என்றான். இல்லை என்று சொல்லிவிட்டேன். அவன் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

டாக்டர் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியாது. அங்கேயே படுக்க வைத்துக்கொண்டாலும் வைத்துக்கொள்வான். ஆஸ்பத்திரி வாசனை இங்கேயே மூக்கில் வருகிறது. அந்த நந்திக்காரரின் கம்பளி கண்ணிலேயே நிற்கிறது.

கொய்டோ அன்று நான் நிற்பேன். பின்னால் ஒரு முக்காலி போட்டுவை. அது எனக்கு என்று யாருக்கும் சொல்லாதே.

தபால் பெட்டி பஸ் நிற்கும் இடத்தில்தான் இருக்கிறது. இதைப் போட்டுவிட்டு அப்படியே எல்டொரெட் வண்டி ஏறுகிறேன். சாலையில் கிமோய் வீடு இருக்கிறது, கடை இருக்கிறது, வாத்தியார் வீடு இருக்கிறது. சிவப்பு உடுப்பைப் போட்டிருக்கிறேன். யாரும் என்னை நிறுத்த மாட்டார்கள்.

மாமா